அறுபது பேருக்கு ஒரு பூச்சிப் பெட்டி போதும்

ஆசிரியருக்கு,

வணக்கம். விலங்கியல் செய்முறை வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் அறிவித்தது. தவளைக்கு விடுதலை கிடைத்தது. பூச்சிக்குக் கிடைக்கவில்லை. விலங்கியலும் வேளாண்மையும் படிக்கும் பிள்ளைகள் பலர், பூச்சிகளைப் பிடித்துக் கொன்று, ஊசியில் குத்தி, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால்தான் இன்டர்னல் மதிப்பெண் என்ற நிலையில்தான் இன்னமும் இருக்கிறார்கள். தலைக்கு 50 பூச்சி என்று வைத்தால், 60 பேர் படிக்கும் வகுப்பில் 3,000 உயிர். அதுவும் ஆண்டுதோறும்.

"பூச்சிதானே" என்பது வழக்கமான பதில். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 'விலங்கு' என்று சொல்வது மனிதர் அல்லாத எந்த உயிரினத்தையும். அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, புத்தகம், மாதிரி, படம் போன்றவற்றால் சொல்லித்தர முடிகிற இடத்தில் கல்லூரிகள் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. பெட்டி அடுக்குவது சோதனை ஆகாது என்று வாதாட இடமுண்டு. அந்த வழக்கை நாங்கள் நடத்தப் போவதில்லை. வலி தெரியுமா என்று கேட்பவர்கள், பழ ஈயின் புழு மீது சூடான ஊசிமுனையை வைத்துப் பார்க்கலாம். புரண்டு உருண்டு விலகும்.

எங்கள் குறை வேறு. கொல்வதையும் ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை. வாயகன்ற கண்ணாடிக் குப்பியின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, நன்றாகக் காயவிட்டு, அது ஊறும் அளவுக்கு எத்தில் அசிடேட் (ஆவியால் பூச்சியைக் கொல்லும் திரவம்) விட்டு, மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். பிள்ளைகள் கையில் இருப்பதோ ஜாம் பாட்டிலும், நான்கு சொட்டு ஏதோ விட்ட பஞ்சும். ஈ சில நிமிடத்தில் சாகும். கூன்வண்டுக்கும் காண்டாமிருக வண்டுக்கும் மணிக்கணக்காகும். ஐந்து நிமிடத்தில் அசைவு நின்றதும் எடுத்துக் குத்திவிடுகிறார்கள். அது சாவு அல்ல, மயக்கம். மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால், ஊசியைச் சுற்றி அந்துப்பூச்சி வட்டமடித்த தடம் தெர்மாகோலில் செதில் தூளாகப் படிந்திருக்கும், இறக்கை கந்தலாகியிருக்கும். குப்பியில் மருந்து குறைந்ததும், அவசரமுமே இதற்குக் காரணம். கொன்றுதான் ஆக வேண்டுமென்றால் முதலில் ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து, பிறகு ஃபிரீசரில் இரண்டு நாள் விட்டால் இந்தக் கொடுமை நேராது.

வைவா முடிந்தபின் பெட்டியின் கதி என்ன? பெரும்பாலானவற்றில் லேபிள் இருக்காது, இருந்தாலும் 'பட்டாம்பூச்சி' என்று மட்டும் எழுதியிருக்கும். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் இல்லாத பூச்சிக்கு ஆய்வில் காலணா மதிப்பில்லை. ஐப்பசி மழையில் பூஞ்சை ஏறும். நாப்தலீன் தீர்ந்ததும் அருங்காட்சியக வண்டின் புழு புகுந்து உள்ளே தின்று தூளாக்கும். கடைசியில் குப்பைத் தொட்டிதான்.

பூச்சியைக் கொல்லவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒட்டுண்ணிக் குளவிகள், சிறு வண்டுகள் பலவற்றைப் புகைப்படத்தை வைத்து இனம் காண முடியாது. நுண்ணோக்கியின் கீழ் வைத்தே ஆக வேண்டும். ஆய்வுக்குச் சேகரம் வேண்டும். ஆனால் கால் எத்தனை, இறக்கை எத்தனை ஜோடி, வாயுறுப்பு கடிப்பதா உறிஞ்சுவதா என்று கற்க, துறைக்கு ஒரு நல்ல பெட்டி போதும். ஒழுங்கான லேபிளோடு வைத்தால் பல ஆண்டுக்கு வரும்.

ஊசி குத்தும் பயிற்சி வேண்டும் என்றால் அதற்குச் செத்த பூச்சியே தாராளம். தெருவிளக்குக் கம்பத்தின் அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் விடியற்காலையில் பொறுக்கலாம். தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி (வாசனையால் ஈர்த்துப் பிடிக்கும் பொறி) வைத்திருப்பார்கள். எப்படியும் கொல்லப்படும் பூச்சி, கேட்டால் தோப்புக்காரர் மகிழ்ச்சியாகவே கொடுப்பார். காய்ந்து விறைத்த பூச்சியை அப்படியே குத்தினால் கால் உடையும். மூடியுள்ள டப்பாவில் ஈர மணல் பரப்பி, மேலே காகிதம் போட்டு, பூஞ்சைக்குச் சிறிது நாப்தலீன் வைத்து, ஒன்றிரண்டு நாள் மூடி வைத்தால் மூட்டுகள் இளகிவிடும். வண்டுக்கு வலது முன்னிறக்கையில் குத்த வேண்டும், அந்துப்பூச்சிக்கு மார்பின் நடுவில்.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகள் அதிகம் கற்பது வளர்ப்பதில்தான். எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி ஒவ்வொன்றாக முட்டையிடும். மூன்று நான்கு நாளில் பொரியும் புழு, முதலில் பறவை எச்சம் போல இருந்து, கடைசித் தோலுரிப்பில் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஒரு கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். இதைப் படத்தில் பார்ப்பதும் விரல்நுனியில் பார்ப்பதும் ஒன்றல்ல. இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுப்புழு ஆகிவிடும். உரித்த தோலையும் தலைக்கூட்டையும் காலிக் கூட்டையும் அட்டையில் ஒட்டினால் அதுவே ரெக்கார்டு.

இதிலும் தவறுகள் நேரும். சந்தைக் கறிவேப்பிலையில் மருந்து தெளித்திருப்பார்கள். ஒரு வேளை தின்றாலே புழு சுருண்டு விழும். மருந்தடிக்காத வீட்டுச் செடியின் இலைதான் வேண்டும். கொப்பைத் தண்ணீர்க் குப்பியில் செருகினால் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு இறங்கி மூழ்கும். எச்சத்தை நாள்தோறும் தட்டாவிட்டால் ஈரத்தில் நோய் வந்து புழு கறுத்து ஒழுகும். வெளியிலிருந்து எடுத்துவந்த புழுவிலிருந்து சில நேரம் பட்டாம்பூச்சிக்குப் பதில், அதற்குள் ஒட்டுண்ணியாக வளர்ந்த குளவி வரும். பிள்ளைகள் ஏமாந்து போவார்கள், ஆனால் அன்றைய பாடம் அதுதான். முக்கியமானது உயரம். கூட்டிலிருந்து வந்ததும் பட்டாம்பூச்சி ஏறித் தொங்கி இறக்கையை விரிக்க இடம் வேண்டும். குட்டை டப்பாவில் விட்டால் இறக்கை கசங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு நேராகாது. குச்சி ஒன்று சாய்த்து வைத்து, இறக்கை காய்ந்தபின் திறந்துவிட வேண்டும்.

மாற்றம் பாடத்திட்டக் குழுக்கள் கையில் இருக்கிறது. 'பூச்சிப் பெட்டி சமர்ப்பித்தல்' என்ற வரியை எடுத்துவிட்டு, துறையின் பொதுப் பெட்டியிலிருந்து 20 பூச்சிகளை வரிசை (வண்டு, ஈ, குளவி போன்ற பெரும்பிரிவு) வாரியாக இனம் காணுதல், செத்த பூச்சி ஐந்தை இளக்கிக் குத்தி லேபிள் எழுதுதல், ஒரு வளர்ப்புப் பதிவு என்று மதிப்பெண்ணைப் பிரிக்கலாம். புழு செத்தாலும் மதிப்பெண் குறையக் கூடாது. ஏன் செத்தது என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் தரலாம். "எனக்கு மனசு வரலை" என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னால் சிரிக்காமல் இருக்கவும் இது ஆசிரியர்களுக்கு வசதி செய்துகொடுக்கும். அடுத்த கல்வியாண்டுக்கான செய்முறைப் பட்டியல் அச்சுக்குப் போவதற்குள் இதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பூச்சியியல் செய்முறை வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை.