காஸ்டிக் பிளான்ட்டுக்குப் போகிற தம்பிக்கு

ஜுபைல், சவூதி,
தை மாதம்

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

நலம். அங்கே அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் நலந்தானே? ரஹ்மான் அண்ணன் லீவு முடிந்து வந்து உன் கடிதத்தையும் அம்மா கொடுத்த பையையும் சேர்த்தார். குண்டு மிளகாய் நொறுங்காமல் வந்தது. கருப்பட்டிதான் குறைச்சலாகத் தெரிகிறது. கேட்டால் "எடை போட்டுப் பார்" என்கிறார்.

தூத்துக்குடிப் பக்கம் காஸ்டிக் சோடா பிளான்ட்டில் ஆபரேட்டராக எடுத்திருக்கிறார்கள், போனதும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். முதல் மாதம் சொல்லாமல் எதையும் திருகாதே. நட. பைப்பிங் டிராயிங்கை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ஒரு லைனை டேங்க் வாயில் பிடித்துக் கடைசிவரை காலால் போய்ப் பார். எங்கே பிரிகிறது, திரவத்தை வடிக்கிற டிரெயின் எங்கே, காற்று போகிற வென்ட் எந்தப் பக்கம் திறக்கிறது என்று குறித்துக்கொள். டிராயிங்கில் இல்லாத பைப் ஒன்றாவது இருக்கும். அதை ஷிஃப்ட் இன்சார்ஜிடம் கேள், கூச்சப்படாதே. எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில்தான் படிக்க முடியும். பேரிங் எவ்வளவு சுடும், பிரஷர் முள் எங்கே நிற்கும் என்று அப்போதே மனதில் பதியவில்லை என்றால், கெட்டுப்போகிற நாளில் உனக்கு வித்தியாசமே தெரியாது.

உப்பு விஷயத்தில் உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாத்தித் தண்ணீரின் அடர்த்தி பாமே அளவில் 25 டிகிரி வாக்கில் வந்தால் உப்பு இறங்கும், 29-க்கு மேல் விட்டால் கசப்பு ஏறும் என்று அப்பா சொல்வாரே, அந்தக் கசப்பு மக்னீசியம். அங்கே உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டுத்தான் காஸ்டிக்கும் குளோரினும் எடுக்கிறார்கள். அந்தச் செல்லுக்குள் நடுவே நிற்கிற மெல்லிய திரையான மெம்பிரேனைக் கெடுப்பது அதுவும் கால்சியமும்தான். காஸ்டிக் விட்டு மக்னீசியத்தையும், சோடா ஆஷ் போட்டுக் கால்சியத்தையும் கீழே இறக்குவார்கள். அப்புறம் மிச்சத்தைப் பிடித்துக்கொள்கிற ரெசினில் விட்டு, இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழே கொண்டுவருவார்கள். சேம்பிள் எடுக்கும்போது லைனை நன்றாக ஓடவிட்டுப் பிடி. முதலில் வருவது பைப்பில் தேங்கிக் கிடந்த பழைய தண்ணீர். அதை லேபுக்குக் கொடுத்தால் வருகிற ரிசல்ட்டும் பழையதுதான்.

பம்ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதுப் பையன்கள் தடுமாறுகிற இடம் அது. சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பில் (சக்கரம் சுழன்று திரவத்தைத் தள்ளுவது) திரவம் உள்ளே வருகிற பக்கம் சக்ஷன், வெளியே போகிற பக்கம் டிஸ்சார்ஜ். ஓட்டுவதற்கு முன்: ஆயில் கண்ணாடியில் பாதி அளவு இருக்கிறதா, சக்‌ஷன் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, உள்ளே இருந்த காற்று வெளியே போய்விட்டதா, தண்டுப் பக்கம் கசியாமல் தடுக்கிற சீலுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார். டிஸ்சார்ஜைக் கொஞ்சமாக வைத்து ஸ்டார்ட் பண்ணு. பிரஷர் ஏறியதும் மெதுவாகத் திற, ஆம்பியரைப் பார்த்துக்கொண்டே. டிஸ்சார்ஜ் மூடியபடியே ஓடவிட்டால் உள்ளே இருக்கிற திரவம் சுட்டு சீல் போய்விடும். ஜல்லி உருளுகிற மாதிரி சத்தம் வந்தால் சக்‌ஷனில் குறை: ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும், டேங்க் லெவல் இறங்கியிருக்கும், இல்லை திரவம் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். ஃப்ளோவைக் குறைக்க சக்‌ஷனில் கை வைக்காதே, டிஸ்சார்ஜில்தான். அளந்து கெமிக்கல் விடுகிற டோசிங் பம்ப்புக்கு இதே பழக்கத்தைக் கொண்டுபோகாதே. அதில் டிஸ்சார்ஜ் முழுக்கத் திறந்த பிறகுதான் ஸ்டார்ட். மூடிவைத்து ஓட்டினால் உள்ளே இருக்கிற டயாஃப்ரம் சவ்வோ பைப்போ கிழியும்.

ஸ்கிரீனில் தெரிகிற ஒரே நம்பரை நம்பாதே. 2005 மார்ச் 23-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரியில் டவருக்குள் மணிக்கணக்காகத் திரவம் போய்க்கொண்டிருந்தது, வெளியே எடுக்கிற வழி மூடியிருந்தது. லெவல் கருவியோ குறைகிறது என்று காட்டியது. 15 பேர் செத்தார்கள். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மிச்சம் எங்கே என்று கணக்குப் பார். அம்மாவின் பால் கணக்கு தெரிந்தவனுக்கு இது கஷ்டமில்லை.

ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்கில் "நார்மல்" என்று எழுதிவிட்டுப் போகிறவனிடம் பதினைந்து நிமிடம் நின்று பேசு. எது கழற்றியிருக்கிறது, எந்த வேலைக்கான பெர்மிட் இன்னும் முடியாமல் திறந்திருக்கிறது, எந்த அலாரத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேள். 1988-ல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் சேஃப்டி வால்வு கழற்றிய பம்ப்பை அடுத்த ஷிஃப்ட் தெரியாமல் ஓட்டியது. 167 உயிர்.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தங்கும். உள்ளே போனதும் முதலில் காற்றுத் திசைக் கொடியைப் பார். வாசனை வந்தால் காற்றுக்குக் குறுக்கே விலகி, காற்று வருகிற பக்கமாக மேடான இடத்துக்குப் போ. லீக்கில் தண்ணீர் அடிக்காதே. ஆசிட் உண்டாகி ஓட்டை பெரிதாகும். சின்ன லீக் என்றால் அம்மோனியா பாட்டிலைக் கிட்டக் காட்டினால் வெள்ளைப் புகை வரும். தப்பிக்கிற மாஸ்க் இடுப்பிலேயே இருக்கட்டும், லாக்கரில் வேண்டாம். காஸ்டிக் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீரில் கழுவு, அப்புறம்தான் டாக்டர். கண் கழுவுகிற ஐவாஷில் தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டும் திறந்து பார்.

இங்கே ராத்திரியில் 10 டிகிரி வரை இறங்குகிறது. 50 சதக் காஸ்டிக் 12 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும் என்பதால் லைனோடு ஸ்டீம் பைப் ஓடுகிறது. உனக்கு அந்தத் தொல்லை இருக்காது. எனக்கும் கம்பளி இருக்கிறது, அம்மாவிடம் சொல். சாப்பாடும் குறையில்லை. மீன் நிறையக் கிடைக்கிறது, சீலா, களவா எல்லாம், ஐஸில் கிடந்த மீன். பக்கத்து அறை மிஸ்ரிக்காரர் (எகிப்துக்காரர்) எந்நேரமும் அவித்த பருப்பு தின்கிறார். அம்மாவின் கருவாட்டைப் பொரித்த அன்று கதவைச் சாத்திக்கொண்டவர், மறுநாள் தட்டோடு வந்துவிட்டார். கொடுத்தேன். மிச்சத்தைத் தீர்க்க மனம் வரவில்லை, பொட்டலத்தைக் கட்டி வைத்திருக்கிறேன். உத்தரகோசமங்கையில் மரகத நடராஜருக்குச் சந்தனம் களைகிற அன்று போனீர்களா? யார் யார் போனீர்கள், எந்த வண்டியில், அம்மா நடந்தார்களா, ஒன்றும் எழுதவில்லையே நீ.

இந்த மாதம் பணம் கொஞ்சம் தள்ளி வரும். ஒன்றுமில்லை, சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள். வட்டிக்கு மட்டும் மச்சானிடம் கேட்டு வாங்கிக் கட்டு, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அப்பாவின் இடது கண்ணை ராமநாதபுரத்தில் காட்டியாயிற்றா? உப்பளத்து வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடு, போட மாட்டார், இருந்தாலும் வாங்கு. கடலாடி தாலுகா ஆபீசில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்த ரசீதை ஜெராக்ஸ் எடுத்து அக்காவிடம் ஒன்று வை. மூலப் பத்திரத்தைச் சித்தப்பா கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடு. சாயல்குடியில் பஸ் ஏறுவதற்கு முன்னால் இதை முடித்துவிடு. வேலையில் சேர்ந்த பிறகு உனக்கு லீவு கிடைக்காது.

அன்புடன்,
அண்ணன்