இயக்குநரின் கடமையும் காலி நாற்காலியும்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையில் இருக்கும் 39 பேருக்கும் மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

கட்சி பார்த்து எழுதவில்லை. 57 பேருக்கும் ஒரே மடல்தான். நான் ஒரு கம்பெனி செக்ரட்டரி. சின்னக் கம்பெனிகளுக்கு போர்டு மீட்டிங் நோட்டீஸ் அனுப்புவது, மினிட்ஸ் எழுதுவது, கம்பெனிப் பதிவாளரிடம் படிவம் தாக்கல் செய்வது, இதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. சட்டப் புத்தகத்தில் இருப்பது நடைமுறையில் என்ன ஆகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு மாத இடைவெளியில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளைத் தந்தது. 2025 நவம்பர் 19 அன்று, தீர்ப்பாயங்கள் (குறிப்பிட்ட வகை வழக்குகளை மட்டும் கேட்கும், கோர்ட் போன்ற அமைப்புகள்) சீர்திருத்தச் சட்டம் 2021-இன் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று ரத்து செய்தது. டிசம்பரில் கானமயில் என்ற அழிந்துவரும் பறவையைக் காப்பாற்றுவது பற்றிய வழக்கில், இயக்குநர்களின் கடமையைச் சொல்லும் கம்பெனிச் சட்டம் 2013-இன் 166-ஆவது பிரிவைக் கையில் எடுத்தது. கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்றால் அதில் சுற்றுச்சூழல் பொறுப்பும் அடக்கம், இயக்குநர்களின் கடமை பங்குதாரர்களோடு நின்றுவிடுவதில்லை என்று சொன்னது. முதல் தீர்ப்பு நீதிபதிகளின் சுதந்திரத்தைப் பற்றியது, இரண்டாவது இயக்குநர்களின் கடமையைப் பற்றியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததுபோலத் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் வாதம். ஏன் என்று சொல்ல ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. கணவரும் அவருடைய அண்ணன்களும் சேர்ந்து நடத்திய பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கணவர் இறந்ததும் அவருடைய 30 சதவீதப் பங்கு அக்காவுக்கு வந்தது. "நீயும் டைரக்டரா இரும்மா" என்று போர்டில் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்காக வாங்கிய டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை, பென் டிரைவ் மாதிரி இருக்குமே அதை, அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கணக்குப் பார்க்கிறவரின் மேஜை டிராயரில், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பத்துப் பதினைந்து டோக்கன்களுக்கு நடுவே அது கிடந்தது. பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள்.

நாலு வருடம் கழித்து டிவிடெண்ட் ஏன் இவ்வளவு குறைந்தது என்று என்னிடம் கேட்டு வந்தார். பதிவாளர் தளத்தில் ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். புதிதாகப் பங்குகள் ஒதுக்கி, அவருடைய 30 சதவீதத்தை 8 ஆக்கியிருந்தார்கள். அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பாஸ்-3 படிவத்தில் இருந்த கையெழுத்து யாருடையது தெரியுமா? அக்காவுடையதே. தீர்மானம் போட்ட போர்டு மீட்டிங்கில் அவரும் வந்திருந்ததாக மினிட்ஸ் சொல்கிறது. அன்றைக்கு அவர் மகளின் பிரசவத்துக்காக வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரி இன்னும் வீட்டில் இருக்கிறது.

கம்பெனியை நடத்துகிறவர்கள் ஒரு பங்குதாரரை ஒடுக்கினால், 241-ஆவது பிரிவின்படி கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால்தான் அப்படி மனுப் போட முடியும் என்று அண்ணன்மார் தரப்பு நினைத்தது. யார் மனுப் போடலாம் என்று சொல்லும் 244-ஆவது பிரிவை முழுதாகப் படிக்கவில்லை. மொத்த உறுப்பினர்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் போதும். கம்பெனியில் மொத்தம் ஆறே உறுப்பினர்கள், அவர்களில் இவர் ஒருவர். மனு போட்டாயிற்று.

வாதம் முடிய இரண்டு வருடம் ஆனது. உத்தரவுக்காக ஒத்திவைத்தார்கள். அந்த நேரத்தில் அமர்வில் இருந்த இருவரில் ஒருவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட வழக்கை நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். வாதத்தைக் கேட்காத ஒருவர் தீர்ப்பு எழுத முடியாது. அதனால் புதியவர் வரும்வரை வாய்தா, வந்த பிறகு முதலிலிருந்து வாதம். அக்காவின் வக்கீல் அதே டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டாவது தடவையாக எடுத்துக் காட்டினார். அந்த அமர்வில் இருந்தவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்கள். குறை, அந்த நாற்காலியைச் செய்துவைத்த விதத்தில் இருக்கிறது. அதனால்தான் அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கடமையைப் பற்றி. 166-ஆவது பிரிவு சின்னதுதான், ஒரு பக்கம்கூட வராது. கம்பெனியின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும். ஊழியர், பங்குதாரர், சமூகம், சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் மனதில் கொள்ள வேண்டும். தக்க கவனத்தோடும் சொந்த புத்தியோடும் முடிவெடுக்க வேண்டும். சொந்த லாபத்துக்கு வழி பார்க்கக் கூடாது. இந்தப் பிரிவு வருவதற்கு முன்பே நீதிமன்றங்கள் இதைச் சொல்லிவந்தன. கம்பெனி விவகாரங்களோடு நெருங்கி இருந்த இயக்குநர், கண்ணெதிரே நடப்பதைப் பார்க்காததுபோலக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்று 1973-இல் டெண்டோல்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-இல் நம் சென்னையின் பிரமிட் சாய்மீரா கம்பெனியின் பொய்க் கணக்கு விவகாரத்திலும், கம்பெனி தானாக எதையும் செய்வதில்லை, இயக்குநர்கள் வழியாகத்தான் செய்கிறது என்று சொல்லி, முழுநேர இயக்குநரைப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கிவைத்த, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் உத்தரவை உறுதி செய்தது.

இந்தக் கடமை அக்காவுக்கும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. "கையெழுத்து உங்களுடையதுதானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது அவர் தலை குனிந்து நின்றதை மறக்க முடியவில்லை. டோக்கனைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், மினிட்ஸைப் படித்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய அசட்டையையும், அதைப் பயன்படுத்திக்கொண்டவர்களின் செயலையும் தராசில் வைத்து நிறுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? 430-ஆவது பிரிவு சிவில் கோர்ட்டின் கதவைச் சாத்திவிட்டது. அந்த ஒருவர் தீர்ப்பாயத்தில்தான் இருக்க முடியும். எனவே அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார், எத்தனை வருடம் உட்காருகிறார், யார் தயவில் உட்காருகிறார் என்பது 166-ஆவது பிரிவின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்தக் கேள்வியை நாட்டுக்காகக் கேட்டதே நம் ஊர் வக்கீல்கள்தான். உயர் நீதிமன்றங்களிடம் இருந்த கம்பெனி வழக்குகளைத் தீர்ப்பாயத்துக்கு மாற்ற 2002-இல் சட்டத் திருத்தம் வந்தபோது, மெட்ராஸ் பார் அசோசியேஷன் வழக்குப் போட்டது. 2010 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பாயம் அமைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கோர்ட்டின் வேலையை எடுத்துக் கொடுக்கும் இடம் கோர்ட்டைப் போலவே சுதந்திரமாக இருக்க வேண்டும் என்றது. 2013 சட்டத்தில் இணைச் செயலர் அந்தஸ்து அதிகாரிகளையும் தொழில்நுட்ப உறுப்பினர் ஆக்க வழி வைத்தார்கள். அதையும் 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகுதான், 2016 ஜூன் 1 அன்று, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் செயல்பாட்டுக்கு வந்தது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நிதிச் சட்டம் 2017-இன் கீழ் எழுதிய விதிகளை 2019 நவம்பரில் ரத்து செய்தார்கள். 2020 விதிகளை, ஐந்து வருடப் பதவிக்காலம் வேண்டும், பத்து வருட அனுபவமுள்ள வக்கீல்களுக்கும் வாய்ப்பு வேண்டும் என்று சொல்லித் திருத்தச் செய்தார்கள். 2021 ஏப்ரலில் அவசரச் சட்டம் வந்தது. நான்கு வருடப் பதவிக்காலமும் 50 வயதுக் குறைந்தபட்சமும் அதில் இருந்தன. ஜூலை 14 அன்று இரண்டும் செல்லாது என்று தீர்ப்பு. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 3 அன்று அதே நான்கு வருடம், அதே 50 வயது ஒரு மசோதாவில் உட்கார்ந்துகொண்டு மக்களவையில் அமளிக்கு நடுவே நிறைவேறியது. பழைய கள், புது மொந்தை. அன்றைக்கு உங்களில் சிலர் அந்த அவையில் இருந்தீர்கள். அதைத்தான் 2025 நவம்பரில் தள்ளினார்கள். தீர்ப்பு சுட்டிய குறையைச் சரிசெய்து நாடாளுமன்றம் புதுச் சட்டம் போடலாம், குறையை அப்படியே வைத்துக்கொண்டு தீர்ப்பை மட்டும் தாண்டிப் போக முடியாது என்பதுதான் அதன் சாரம்.

நான்கு வருடத்துக்கும் ஐந்து வருடத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 42 வயதில் நன்றாகப் பிராக்டிஸ் செய்கிற கம்பெனிச் சட்ட வக்கீல் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியாகலாம், அரசியல் சாசனம் தடுக்காது. ஆனால் தீர்ப்பாய உறுப்பினராக இன்னும் எட்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றது 2021 சட்டம். சரி, காத்திருந்து வந்தாலும், கம்பெனி வழக்கும் திவால் வழக்கும் கைவர ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். கை தேர்ந்த நேரத்தில் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் மறுநியமனத்துக்கு அரசின் முகம் பார்க்க வேண்டும். இப்படி ஒரு வேலைக்கு யார் நல்ல பிராக்டிஸை விட்டுவிட்டு வருவார்? ஓய்வு பெற்றவர்கள்தான் வருவார்கள். கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போவார்கள், பின்னாலேயே அக்கா மாதிரி ஆட்களின் வழக்கு முதலிலிருந்து தொடங்கும்.

அரசின் முகம் பார்ப்பது என்றேனே, கம்பெனி வழக்குகளில் அது இன்னும் சங்கடமானது. 241-ஆவது பிரிவின்படி மத்திய அரசே மனுதாரராக வரலாம். 2018 அக்டோபரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனக் குழுமம் தள்ளாடியபோது, பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகம் மும்பை அமர்வுக்குப் போய்ப் பழைய இயக்குநர் குழுவை மாற்ற உத்தரவு வாங்கியது. அந்த நடவடிக்கை தேவையானது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பாயம் இயங்குவதும் அதே அமைச்சகத்தின் நிர்வாகத்தின் கீழ்தான். கட்டடமும் ஊழியரும் பட்ஜெட்டும் யாரிடமிருந்து வருகிறதோ, அவரே எதிரில் மனுதாரராக நிற்கிறார். தீர்ப்பாயத்துக்கான உதவிகள் சம்பந்தப்பட்ட அமைச்சகத்திடமிருந்து வரக் கூடாது, சட்ட அமைச்சகத்திடமிருந்து வர வேண்டும் என்று 2010 தீர்ப்பே சொல்லிவிட்டது. 1997-இல் எல். சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பாயங்களைச் சட்ட அமைச்சகத்தின் மேற்பார்வையில் கொண்டுவரும் யோசனையைச் சொல்லியிருக்கிறது. என் தொழிலில் ஒரு படிவம் ஒரு நாள் பிந்தினாலும் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 1997 எங்கே, இன்று எங்கே?

நவம்பர் தீர்ப்பு, தேசியத் தீர்ப்பாய ஆணையம் ஒன்றை நான்கு மாதத்துக்குள் அமைக்கச் சொன்னது. பெயருக்கு ஓர் ஆணையம் போட்டு, அதற்குள் அமைச்சகச் செயலர்களைப் பெரும்பான்மையாக உட்கார வைத்தால் நிலைமை மாறாது. தேர்வு, பதவிக்காலம், நிதி, ஊழியர் நான்கும் ஆணையத்தின் கைக்கு வர வேண்டும். ஒருவர் ஓய்வு பெறும் தேதி, அவர் பதவியேற்கும் அன்றே தெரிந்துவிடுகிறது. அடுத்தவரின் தேர்வை அந்தத் தேதிக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுவதில் என்ன கஷ்டம்? கேட்டு முடித்த வழக்குகளுக்கு உத்தரவு எழுதிவிட்டுப் போக, கிளம்புகிறவருக்குச் சில வாரம் அவகாசம் தரும் ஒரு பிரிவும் வேண்டும். இது ஒன்று இருந்திருந்தால் அக்காவின் வழக்கு அன்றே முடிந்திருக்கும், தோற்றிருந்தாலும் சரி, ஜெயித்திருந்தாலும் சரி.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தீர்ப்பாயங்கள் பற்றி எந்த மசோதா வந்தாலும் நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே வக்கீல்களை மட்டும் கூப்பிடாமல், வழக்குப் போட்டுக் காத்திருக்கிறவர்களையும் கூப்பிட்டுப் பேச வையுங்கள். அப்புறம், கேள்வி நேரத்தில் கேட்க மூன்று கேள்விகள் தருகிறேன், உங்கள் பெயரில் எழுதிக் கொடுங்கள். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில், வாதம் முடிந்து உத்தரவு வருவதற்குள் உறுப்பினர் மாறியதால் மறுபடி வாதம் கேட்க நேர்ந்த வழக்குகள் எத்தனை? 241-ஆவது பிரிவின் கீழ் வந்த மனுக்களில், 422-ஆவது பிரிவு சொல்லும் மூன்று மாதத்துக்குள் முடிந்தவை எத்தனை? தீர்ப்பாயத்தின் நிர்வாகத்தைப் பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகத்திடமிருந்து எடுக்க என்ன தேதி வைத்திருக்கிறார்கள்?

பதில் அவையில் வைக்கப்பட்டதும் ஒரு பிரதி எடுத்து அக்காவிடம் கொடுப்பேன். இப்போதெல்லாம் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கிறார். டோக்கன் அவர் வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு கம்பெனி செக்ரட்டரி