அப்பாயிக்கு நீங்கள் செய்ததைத்தான் படிக்கிறேன்

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நால்வரும் நலம். போன வாரம் தொலைபேசியில், "எம்.காம். படித்தவள் அடுத்தவர் மலம் அள்ளவா அமெரிக்கா போனாய்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள். சின்ன அத்தை ஏதாவது சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். பேசினால் இருவருமே அழுதுவிடுவோம் என்பதால் எழுதுகிறேன்.

நான் படிப்பது நர்ஸ் வேலைக்கு அன்று, நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு. நர்சிங் அசிஸ்டென்ட் என்பவர் நர்சின் மேற்பார்வையில், தாமாக எழவோ குளிக்கவோ உண்ணவோ இயலாதவர்களுக்கு உடனிருந்து செய்பவர். ஒரு மாத்திரையைக்கூட நாங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் காய்ச்சலும் பார்க்கும் சிறிய ஆஸ்பத்திரி. இங்கே அது முதியவர்கள் மாதக்கணக்கில், சிலர் கடைசி வரையில், தங்கியிருக்கும் இடம். அத்தகைய இடங்களில் வேலை செய்வோர் குறைந்தது 75 மணி நேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 1987இல் இந்நாட்டில் சட்டம் செய்தார்கள். கலிபோர்னியா அதை 160 மணி நேரமாக வைத்திருக்கிறது: வகுப்பறையில் 60, முதியவர்களிடத்தில் 100. முதல் 16 மணி நேரப் பாடம் முடியாமல் எவரையும் தொட விடுவதில்லை. கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி பார்த்தார்கள். காசநோய்ச் சோதனையும் செய்தார்கள். பெண் பார்க்கப் போகும்போதுகூட நம் வீட்டில் இவ்வளவு விசாரித்ததில்லை.

வகுப்பில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ் பெண்கள். நான் ஒருத்திதான் தமிழ். முதல் பாடம் கை கழுவுவது. சோப்பு நுரையோடு இருபது வினாடி தேய்த்து, விரல்நுனி கீழே பார்க்கக் கழுவி, குழாயைக் காகிதத் துண்டால் மூட வேண்டும். பிறகு நாடி பார்ப்பது. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். ஆசிரியை எண்ணியதற்கும் நான் எண்ணியதற்கும் நான்கு துடிப்புக்கு மேல் வேறுபட்டால் தவறு. மூச்சை எண்ணும்போது மட்டும் எண்ணுகிறோம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடுமாம். ஆகவே நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டே மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்திருக்க வேண்டும். இந்தச் சிறு கள்ளத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆம், மலமும் அள்ளுகிறேன். முதன்முதலாக ஒரு பாட்டிக்குச் சுத்தம் செய்த அன்று எனக்கு மதிய உணவு இறங்கவில்லை; அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு முன் நான் செய்ய வேண்டியவற்றைக் கேளுங்கள். கதவைத் தட்ட வேண்டும், என் பெயரைச் சொல்ல வேண்டும், என்ன செய்யப் போகிறேன் என்று அவர் காது கேட்கும்படி விளக்க வேண்டும், திரையை இழுத்துவிட வேண்டும், துடைக்கும் இடம் தவிர மற்ற உடம்பு போர்வைக்குள்ளேயே இருக்க வேண்டும், தண்ணீரின் சூட்டை அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், இல்லையென்றால் சிறுநீரில் தொற்று வரும். முடிந்தபின் அழைப்பு மணியை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காமல் வெளியே வந்தால், மற்ற எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் ஆசிரியை முகம் சுளிப்பார்.

படுக்கைப்புண் பற்றிய பாடம் நடந்த அன்றுதான் எனக்குக் கண் கலங்கியது. எலும்பு துருத்தும் இடங்களில் உடம்பின் பாரம் அழுத்தி ரத்தம் ஓடாமல் போவதால் தோல் செத்துப் புண்ணாகிறது, ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றார்கள். அப்பாயி படுத்த படுக்கையாக இருந்த பதினான்கு மாதமும் நீங்கள் இரவில் எழுந்து எழுந்து புரட்டிவிட்டு, பழைய நூல் புடவையை நான்காக மடித்து இடுப்புக்கடியில் வைத்தது நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒரு புண் வரவில்லை. உங்களுக்கு அதை யார் சொல்லித் தந்தார்கள், அம்மா? அப்போது அடுத்த அறையில் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள் நான்.

எல்லாம் சீராக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். தங்கியிருப்பவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 3.5 மணி நேரக் கவனிப்பு, அதில் 2.4 மணி நேரம் எங்களைப் போன்ற உதவியாளர்களுடையது என்பது இந்த மாநிலத்தின் விதி. நான் பயிற்சிக்குச் சென்ற இடத்தில் ஒரு நாள் காலை இருவர் வராமல் போக, மூன்று பேருடைய வேலையை ஒரே பெண் ஓடி ஓடிச் செய்தார். கதவைத் தட்டுவது அன்று முதலில் காணாமல் போனது. ஊதியம் மணிக்கு இருபது டாலருக்குச் சற்று மேல். இந்த ஊர் வாடகைக்கு அது பெரிய தொகை அன்று. ஆனாலும் இங்கே நிரந்தரமாகத் தங்கி வேலை செய்ய உரிமை தரும் கிரீன் கார்டுக்காகக் காத்து, ஒன்பது ஆண்டு வேலை செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது என் பெயரில் வரும் பணம்.

அடுத்த மாதம் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் இருக்கின்றன. சின்ன அத்தையிடம் என்ன சொல்வதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்குப் பக்கவாதத்தில் செயலிழந்த வலது கை இன்னும் சரியாக வரவில்லை என்று அண்ணன் சொன்னார். சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும். கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, வாயின் நல்ல பக்கத்தில் சிறிது சிறிதாக ஊட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாயும் விழுங்கினாரா என்று பார்த்த பிறகே அடுத்தது. பெரியம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் அன்பு மகள்