தோற்றாலும் வருவோம், காணாமல் மட்டும் போகாதீர்கள்: சென்னையின் கால்பந்து, ஹாக்கி அணிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அணி உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி இறுதி ஆட்டம். இந்தியாவும் மலேசியாவும் மோதுவது ராத்திரி எட்டரைக்குத்தான். ஆனால் மாலையிலேயே போய் இடம் பிடித்துவிட்டேன். கையில் போன். அதில் கொல்கத்தாவில் நடந்த டூரண்ட் கோப்பைக் கால்பந்து ஆட்டம், ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். 60ஆவது நிமிடம், வலது ஓரத்தில் பந்தை வாங்கிய ஈஸ்ட் பெங்கால் வீரர் உள்பக்கமாகத் திரும்பி இடது காலால் வளைத்து அடித்தார். கோல். ஒரே ஊர் அணிகள் மோதும் இந்த டெர்பியில் நாலரை வருடமாக ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால் அந்த ஒரு கோலில் ஜெயித்தது. அடித்தவர் நந்தகுமார் சேகர், நம் சென்னைக்காரர்.

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவரிடம் போனைக் காட்டினேன். வெள்ளை வேட்டி, மடியில் சாப்பாட்டுப் பை, வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை ரீப்ளே பார்த்தார். "நம்ம ஊர்ப் புள்ளையாப்பா? அப்புறம் ஏன் அங்க போய் ஆடுறான்?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்று ராத்திரி இடைவேளையில் இந்தியா 1-3 என்று பின்தங்கி இருந்தது. மூன்றாவது கால் பகுதி முடியப்போகும் நேரத்தில், ஒரே நிமிடத்தில் இரண்டு கோல். 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்ததும் 4-3. கேலரி முழுக்க எழுந்து நின்றது, பெரியவரும்தான். அந்த இந்திய அணியில் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் இருந்தார். லீக் சுற்றில் இதே மலேசியாவுக்கு எதிராக இதே மைதானத்தில் கோல் அடித்தவர். கடைசி விசில் அடித்த பிறகும் ரொம்ப நேரம் யாரும் வெளியே போகவில்லை. சென்னையில் ஹாக்கிக்குக் கூட்டம் வராது என்று இனி யாராவது சொன்னால், அந்த இரவை அவர்கள் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பெரியவரின் கேள்வியை அதற்கப்புறம் பல நாள் யோசித்தேன். யோசித்ததை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோற்றதற்காக நான் கோபப்படவில்லை. ஐஎஸ்எல் கால்பந்து லீக்கில் ஆடும் நம் சென்னையின் எஃப்சி அணி 2015இல் அந்த லீக்கின் கோப்பையை வென்றது. மழை வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்ததால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 3-0 என்று ஜெயித்தோம். இறுதி ஆட்டம் கோவாவில், கோவா அணியோடு. 87ஆவது நிமிடத்தில் 1-2. டிவியை அணைக்கப் போனவன் நான். 90ஆவது நிமிடத்தில் சமன், கடைசியில் சேர்த்துக் கொடுத்த ஓரிரு நிமிடங்களில் மெண்டோசாவின் கோல், 3-2. வீட்டுக்குள் புகுந்த தண்ணீரின் சேறுகூட முழுசாகக் காயாத தெருவில் நாங்கள் குதித்தோம். 2018இல் பெங்களூருவிலேயே பெங்களூரு அணியைத் தோற்கடித்து இரண்டாவது கோப்பை. அடுத்த பருவத்திலேயே கடைசி இடம். அதற்கடுத்த பருவத்தில் மறுபடியும் இறுதி ஆட்டம் வரை வந்தோம். கொரோனா வந்த நேரம் என்பதால் காலி மைதானத்தில் ஆடி ஏடிகேயிடம் தோற்றோம். இத்தனை ஏற்ற இறக்கத்திலும் நாங்கள் கூடவேதான் இருந்தோம்.

மனசு விட்டுப்போனது அதற்கப்புறம்தான். 2020-21இல் எட்டாவது இடம். 2021-22இல் எட்டாவது. 2022-23இலும் எட்டாவது. மூன்று வருடமும் ஒரே இடம், ஆனால் மூன்று வருடத்துக்கும் மூன்று கோச்: லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச். ஒருவர் வந்து பசங்களின் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் அடுத்தவர் விமானம் ஏறுகிறார். ஒருவர் பந்தைக் காலிலேயே வைத்து ஆடச் சொல்வார், அடுத்தவர் வேறு மாதிரி ஆடச் சொல்வார். நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது இருபது வயதுப் பையன். 2023-24இல் பழைய கோச் ஓவன் காயல் திரும்பி வந்ததும் ஆறாவது இடம் பிடித்து பிளே ஆஃப் பார்த்தோம், சரி, இனி நிமிர்ந்துவிடும் என்று நம்பினோம். அடுத்த பருவத்தில் 13 அணிகளில் பதினோராவது.

எட்டாவதோ பதினொன்றோ, அதுகூடப் பரவாயில்லை. அணி இருக்குமா இருக்காதா என்பதே கேள்வியாகிவிட்டதுதான் வலிக்கிறது. 2025 ஆகஸ்டில் கிளப் தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது அந்த அறிவிப்பை நாலைந்து தடவை படித்தேன். லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்கப்படவில்லை, பணம் எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை, இதெல்லாம் புரிகிறது. தவறு உங்கள் பக்கம் மட்டும் இல்லை என்பதும் புரிகிறது. பிறகு 2026 பிப்ரவரியில் லீக் சுருக்கமாகத் தொடங்கியது, நீலச் சட்டையை மறுபடி பார்த்தோம். ஆனால் நடுவில் போன அந்த மாதங்களில் எங்களோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

எங்களுக்கு இந்தப் பயம் சும்மா வரவில்லை. 2018-19இல் சென்னை சிட்டி எஃப்சி, ஐ-லீக் என்ற இன்னொரு தேசியக் கால்பந்து லீக்கின் சாம்பியன். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் கடைசி நாள் ஆட்டம், மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு, திரும்பி வந்து 3-1 என்று ஜெயித்தார்கள். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். ஒரு பருவத்தில் 21 கோல் அடித்த பெட்ரோ மன்சியை அங்கே சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். நந்தகுமாரும் முன்பு அந்தச் சட்டை போட்டவர்தான். இந்தியாவின் சாம்பியனாக இருந்த அந்த அணி இரண்டே பருவம் கழித்து ஐ-லீக்கில் இல்லாமல் போனது. ஹாக்கியில் இதே கதை இன்னும் பழசு. 2005இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் இருந்தது. லீக்கே 2008இல் நின்றது. 2012இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ், ஒரே ஒரு பருவம். 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் நமக்கு அணியே இல்லை. அந்த லீக் மறுபடி தொடங்கிய 2024இல்தான் தமிழ்நாடு டிராகன்ஸ் வந்தது. முதல் பருவத்திலேயே அரையிறுதி வரை போய் நான்காவதாக முடித்தது, நல்ல தொடக்கம். ஆனால் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட தமிழ்நாட்டில் நடக்கவில்லை. நம் அணியை நாம் டிவியில் மட்டும் பார்த்தோம். அடுத்த பருவத்தில் எழும்பூருக்கு ஆட்டங்கள் வந்தன, அதற்கு மனமார நன்றி. அதை விட்டுவிடாதீர்கள்.

என் அப்பா வேலை பார்த்தது பெரம்பூரில். அவர் காலத்தில் கால்பந்து என்றால் ஐசிஎஃப், இந்தியன் வங்கி. ஹாக்கி என்றால் ரயில்வே, வங்கி அணிகள், போலீஸ் அணி. சாயங்காலம் ஆடுபவர் மறுநாள் காலையில் கவுன்டரில் உட்கார்ந்திருப்பார், பணம் எடுக்கப் போனால் "நேத்து அந்த பெனால்டி கார்னரை விட்டுட்டீங்களே சார்" என்று கேட்கலாம். அவரும் காரணம் சொல்வார். அந்த அணிகளும் தோற்றன, நிறையவே தோற்றன. ஆனால் ஆடுபவரை மறுநாள் தெருவில் பார்க்க முடிந்தது. அப்பா கடைசி வரை அவர்களைப் பெயர் சொல்லித்தான் பேசினார்.

இப்போது ஆடுபவர்கள் எல்லாரும் சென்னையில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அனிருத் தாபா டேராடூன்காரர். பதினெட்டு வயதில் 2016இல் சென்னையின் எஃப்சிக்கு வந்தார், ஏழு வருடம் இருந்தார், கேப்டன் ஆனார். ஜெஜெ மிசோரம்காரர். இரண்டு பேரும் எங்களுக்கு வெளியூர்க்காரர்கள் இல்லை. இங்கேயே இருந்தார்கள், எங்கள் கண் முன்னால் வளர்ந்தார்கள், அதனால் எங்கள் பசங்க ஆனார்கள். 2023இல் தாபா மோகன் பகானுக்குப் போனபோது பி ஸ்டாண்டில் என் பக்கத்தில் உட்காரும் பெண் அழுதேவிட்டாள். ஒவ்வொரு பருவமும் பாதி அணி மாறினால் யாரைப் பற்றி அப்படி அழுவது?

அதே நேரத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாருங்கள். புல் கிடையாது, மண் தரை. பந்து தரையில் பட்டுக் குதிக்கும் இடமெல்லாம் புழுதி கிளம்பும். ஷூவின் முன்பக்கம் பிய்ந்து, கறுப்பு டேப் சுற்றி ஆடும் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். இடது காலில் பந்தை நிறுத்தினால் பந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். பன்னிரண்டு வயது. அவனிடம் சென்னை அணியில் ஆடுகிற யாரையாவது நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "டிவில பாத்துருக்கேன்ணா" என்றான். அவன் வீட்டிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியம் வெகு தூரமில்லை.

ஹாக்கிக்குக் கோவில்பட்டி. அங்கே லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி நடக்கும்போது ஊரே மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அங்கே பயிற்சி எடுத்த கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் ஒன்றாக இந்தியாவுக்கு அறிமுகமானார்கள். முதல் ஆட்டம் பாகிஸ்தானோடு, கார்த்தி கோல் அடித்தார். 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணிக்குக் கேப்டன் நம் வாசுதேவன் பாஸ்கரன். அப்படிப்பட்ட மாநிலத்திலிருந்து டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வென்ற இந்திய அணிகளில் ஒருவர்கூட இல்லை. ஜூனியர் உலகக் கோப்பையை 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடத்தினோம். புது மைதானம் கட்டினோம், வந்தவர்களை நன்றாகக் கவனித்தோம். நடத்துவதில் நாம் கெட்டிக்காரர்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த டர்ஃப்பில் மற்ற மாதங்களில் யார் ஆடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. டிராகன்ஸ் ஆடுவது வருடத்தில் ஒரு மாதம். மிச்சப் பதினொரு மாதமும் அந்தப் பெயர் எங்கே இருக்கிறது?

கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோச்சை எடுத்தால் மூன்று வருடம் விடுங்கள். முதல் வருடம் கடைசியில் வந்தாலும் விடுங்கள், நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம், எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருகிறோம். நம் ஊர்ப் பசங்கள் நாலு பேரையாவது அணியில் வைத்து, பெஞ்சில் உட்கார வைக்காமல் நிமிடங்கள் கொடுங்கள். இந்தியன் வங்கிக்கு ஆடி, அங்கேயே கோச்சாக இருந்த சபீர் பாஷா 2022இல் கொஞ்ச நாள் சென்னையின் எஃப்சி அணியை இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார். இந்த ஊர்ப் பசங்களை அவரைப் போலத் தெரிந்தவர்கள் வெகு சிலர். அப்படிப்பட்டவர்களை ஆபத்துக்கு மட்டும் கூப்பிடாமல், பசங்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிரந்தரமாக உட்கார வையுங்கள். டிராகன்ஸ் பெயரில் கோவில்பட்டி, அரியலூர், ராமநாதபுரம் பக்கமெல்லாம் வருடம் முழுக்க ஒரு ஜூனியர் அணியாவது ஓடட்டும். முதலமைச்சர் கோப்பையில் இரண்டு விளையாட்டும் இருக்கின்றன. அங்கே மாவட்டத்துக்கு ஜெயித்துக் கொடுக்கும் பையன் அடுத்த வாரம் எங்கே போவான் என்று அவனுக்கும் தெரியவில்லை, அவன் பி.டி. மாஸ்டருக்கும் தெரியவில்லை.

பணக் கஷ்டம் வந்தால் மறைக்காதீர்கள். அறிக்கை போடுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள். ரசிகர் கூட்டங்களான பி ஸ்டாண்ட் ப்ளூஸ் இருக்கிறார்கள், சூப்பர் மச்சான்ஸ் இருக்கிறார்கள், எழும்பூரில் அந்த வேட்டிக்காரப் பெரியவரைப் போல எந்தக் கூட்டத்திலும் சேராதவர்கள் எத்தனையோ பேர். டிக்கெட் விற்றுத் தரச் சொன்னால் விற்றுத் தருவோம்.

கடைசியாக ஒன்று, இதற்குச் செலவே கிடையாது. பருவம் முடிந்ததும், வீரர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஒரு ஞாயிறு காலை இரண்டே இரண்டு பேரை முல்லை நகருக்கு அனுப்புங்கள். பேனர் வேண்டாம், மேடை வேண்டாம், கேமராவும் வேண்டாம். ஏழு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், அதனால் ஆறுக்கே வரச் சொல்லுங்கள். டேப் சுற்றிய ஷூவோடு ஒருவன் இடது பக்கம் நிற்பான். அவனுக்குப் பந்தைப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்
பெரம்பூர், சென்னை