1080பி திரைக்கு 8 ஜிபி தாராளமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கேம் விளையாடுவதற்கான கணினியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ப்ராசசர், பவர் சப்ளை பற்றியெல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் திரையின் புள்ளி எண்ணிக்கை ஏற ஏற, கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் வீடியோ மெமரியும் ஏற வேண்டும், 1080பி திரைக்கு 8 ஜிபி, 1440பிக்கு 12, 4கேக்கு 16 என்று போகிற போக்கில் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டார்கள். கணினி பொருத்துவதும் பழுதுபார்ப்பதுமாகப் பிழைப்பவன் நான். அந்தக் கணக்கை நம்பி வாங்கியவர்கள் கடைசியில் வந்து நிற்பது என் மேசைக்கு முன்னால்தான்.

வீடியோ மெமரியைத் தின்பது திரையின் புள்ளி எண்ணிக்கை அல்ல. 4கே படம் ஒன்றுக்கு, புள்ளிக்கு நான்கு பைட் வீதம், 33 எம்பி போதும். இடைநிலைப் படங்கள் பலவற்றை விளையாட்டு கைவசம் வைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். இருந்தாலும் பெரும்பங்கு இடத்தை அடைப்பவை டெக்ஸ்சர்கள், அதாவது பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்கள். சுவரின் காரை, சட்டையின் நெசவு, முகத்தின் தோல் எல்லாம் அவைதான். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், சுருக்கிய பிறகும், தூரத்தில் காட்டுவதற்கான அதன் சிறு நகல்களோடு சேர்த்து 21 எம்பி வரை பிடிக்கிறது. நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று ஒரே பொருளுக்கு மூன்று நான்கு தேவைப்படும். 1080பி திரைக்காரர் டெக்ஸ்சர் தரத்தை உச்சமான ‘அல்ட்ரா’வில் வைத்தால், 4கே திரைக்காரர் சுமக்கும் சுமையில் பெரும்பகுதியை அவரும் சுமக்க வேண்டியதுதான்.

இந்தச் சுமை ஏறியதற்குக் கன்சோல்களே காரணம். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் மொத்தமே 8 ஜிபி. 2020இல் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 16 ஜிபியோடு வந்தன. பழைய கன்சோல்களுக்கும் சேர்த்து விளையாட்டுகளை உருவாக்கிய காலம் முடிந்ததும், 2023இன் தொடக்கத்திலேயே சிக்கல் வெளிப்பட்டது. ஹாக்வார்ட்ஸ் லெகசியும் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகமும் 8 ஜிபி கார்டுகளைத் திணற வைத்தன. பின்னதை உருவாக்கியவர்கள் திருத்தங்கள் வெளியிட்டு ஓரளவு சரிசெய்தார்கள். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கோ, 8 ஜிபி என்பதே குறைந்தபட்சத் தகுதி.

கார்டு தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? 2016இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480, 239 டாலருக்கு 8 ஜிபி கொடுத்தது. 2025இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, 299 டாலருக்குக் கொடுப்பதும் அதே 8 ஜிபி. இடையில் 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி இருந்தது. 2023இல் அதன் வாரிசாக வந்த 4060இல் அது 8 ஆகச் சுருங்கியது. 3060இல் மெமரிக்குத் தரவு போய்வரும் பாதை 192 பிட் அகலம். 32 பிட்டுக்கு ஒன்றாக ஆறு சில்லுகள், ஒவ்வொன்றும் 2 ஜிபி. 4060இல் பாதையை 128 பிட்டாகக் குறைத்தார்கள், சில்லு நான்குதான். கூட்ட வேண்டுமென்றால் பலகையின் பின்புறமும் சில்லு வைத்து 16 ஆக்க வேண்டும். செலவைக் குறைத்தது அவர்கள், திணறுவது நாம்.

மெமரி நிரம்பினால் விளையாட்டு நின்றுவிடாது. மீதியைக் கணினியின் ராமுக்குத் தள்ளும். அங்கேதான் வினை. 4060இன் சொந்த மெமரி நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் தரவு தரும். ராமிலிருந்து வர வேண்டுமானால், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வர வேண்டும். அந்தக் கார்டுக்கு அதில் எட்டு லேன்கள் (தடங்கள்)தான் இருப்பதால், புதிய மதர்போர்டில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. மூன்றாம் தலைமுறை பிசிஐ உள்ள பழைய போர்டில் 8 ஜிபிதான். நம் ஊரில் பழைய போர்டை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுபவர்களே அதிகம் என்பதை உங்கள் கட்டுரையாளர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அண்மையில் ஒரு பாலிடெக்னிக் மாணவர் தன் கணினியைக் கொண்டுவந்தார். இன்டெல் ஒன்பதாம் தலைமுறை ஐ5, புத்தம்புதிய 4060, 1080பி திரை. திரையின் மூலையில் பிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை, எழுபதுக்கு மேல் காட்டியது. ஆனால் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் படம் அரை நொடி உறைந்தது. ப்ராசசரை மாற்றச் சொல்லிக் கடையில் அனுப்பிவிட்டார்களாம். வீடியோ மெமரி அளவைத் திரையில் காட்டச் செய்தேன்: 7.8 ஜிபி. டெக்ஸ்சரை ‘மீடிய’த்துக்கு இறக்கி, பின்னணியில் திறந்து கிடந்த பிரவுசரை மூடினேன். உறைவது நின்றுவிட்டது. ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கும், இடையிடையே பிரேம்களைச் செருகும் பிரேம் ஜெனரேஷனும் கூடுதல் மெமரி கேட்பவை. அவற்றைக் காட்டித்தான் இந்தக் கார்டையே விற்கிறார்கள்!

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்ற இலகுவான விளையாட்டுகளை மட்டும் விளையாடுகிறவருக்கு 8 ஜிபி போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண். எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்து. 2014இல் வந்த ஜிடி 730ஐ வேகம் குறைந்த டிடிஆர்3 மெமரியோடு 4 ஜிபி கார்டு என்று விற்று, விவரம் தெரியாத பெற்றோரை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குடம் பெரிது, வாய் ஊசித்துளை. ஓரளவு வேகமுள்ள கார்டை இன்று புதிதாக வாங்கி நான்கைந்து ஆண்டு ஓட்ட நினைப்பவருக்குத்தான் 12 ஜிபிக்குக் குறையாதீர்கள் என்கிறேன். இன்டெல் பி580 போன்ற 12 ஜிபி கார்டு 249 டாலருக்கு அறிமுகமான பிறகு, விலையைக் காரணம் காட்டவும் வழியில்லை.

இன்னொரு தொல்லை பெயர். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் ஒரே பெயரில் வருகின்றன. அறிமுக விலையில் வித்தியாசம் 50 டாலர்தான். 5060 டிஐ வந்தபோது விமர்சகர்கள் கைக்கு முதலில் போனது 16 ஜிபி கார்டு. அவர்களின் சோதனை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் கையில் 8 ஜிபி பெட்டி வந்து சேரலாம். பில்லில் மாடல் பெயரோடு மெமரி அளவையும் எழுதி வாங்குங்கள் என்று வாசகர்களுக்கு ஒரு வரி போடுங்கள்.

அடுத்த முறை கார்டுகளை ஒப்பிட்டு அட்டவணை வெளியிடும்போது சராசரி பிரேம் எண்ணிக்கையோடு நிறுத்திவிட வேண்டாம். ஆட்டத்தின் மிக மந்தமான ஒரு சதவீதப் பிரேம்களின் வேகத்தையும் பக்கத்திலேயே கொடுங்கள். சோதனையை மூன்றாம் தலைமுறை பிசிஐ உள்ள பழைய போர்டு ஒன்றிலும், ஓர் ஆட்டத்தைக் குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட்டும் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
மதுரை.