மடை உடைந்த இரவு

திருத்துறைப்பூண்டி

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு வந்த உன் கடிதத்திற்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்.

ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் நாற்றங்கால் வெடித்துவிடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அப்படி வந்த தண்ணீரை, என் முறைநாளில், வைக்கோல் பிரியைச் சுருட்டித் திணித்துச் சேறு அப்பி அடைத்திருந்தார் மேல்வயல்காரர். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவருடைய பாட்டன் வரைக்கும் வசனம் தயாரித்தபடி இருட்டில் போனேன். அங்கே அவர் இல்லை. பத்து வயதுப் பேரன் தலையில் சாக்கும் கையில் டார்ச்சுமாக வரப்பில் உட்கார்ந்திருந்தான். "தாத்தாவுக்குக் காய்ச்சல்" என்றான். கண் மட்டும் என் மண்வெட்டியின் இலையை விட்டு அகலவில்லை. எனக்குக் கூசிப்போயிற்று. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிரியைக் கையாலேயே பாதி பிடுங்கினேன். மீதித் தண்ணீர் அவர்களுக்கே போனது.

பெருந்தன்மை என்று எண்ணிவிடாதே. வீட்டுக்கு வந்து, ரசத்தில் உப்பில்லை என்று உன் தங்கையிடம் அந்த வசனம் முழுவதையும் இறக்கினேன். "மடை இங்கேயா உடைந்தது?" என்று கேட்டுவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அந்த மனிதர் நன்றி சொல்லவில்லை. முறை தன்னுடையது என்றே சாதித்தார். அரையடி வரப்புக்காகப் பதினொரு வருடம் கோர்ட்டுக்கு நடந்த என் மாமா நினைவுக்கு வந்தார். கடைசியில் வரப்பு மிஞ்சியது, வயல் வக்கீலுக்குப் போயிற்று. 2003-இல் தமிழ்நாடு, கர்நாடகம் என இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்று கூடிப் பேசியபோது டீக்கடையில் நாம் சிரித்தோமே, அவர்கள் ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள் என்பதை அப்போது நாம் கவனிக்கவில்லை. 2018-இல் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்த பிறகும் சண்டை ஓயவில்லை என்பது வேறு கதை. நான் மேல்வயல்காரருடைய நாற்றங்காலைப் போய்ப் பார்த்தேன். என்னுடையதைவிட மோசமாக வெடித்திருந்தது. பகல் அவருக்கு, இரவு எனக்கு என்று பேசி முடித்தோம். இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று அரை மணி தாமதமாகத்தான் தண்ணீர் விட்டார், நானும் கேட்கவில்லை.

உன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். ஆவணி பிறந்ததும் கல்யாணம். பத்திரிகை இங்கும் வந்துவிட்டது. முதல் நாளே என் வீட்டில் இறங்கு, சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
குடமுருட்டியில் உன் செருப்பைத் தொலைத்தவன்