‘நான் ஏற்கெனவே கிறிஸ்தவள்தானே, டீச்சர்?’: எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேகர குரு ஐயா அவர்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்தீர்கள். ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த பிள்ளைகளின் தலையில் பேராயர் கை வைத்து ஜெபிக்கிற திடப்படுத்தல் சடங்குக்கான வகுப்பு இந்த வருடம் ஆறு வாரம் இல்லை, இரண்டு சனிக்கிழமைதான். பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கிறது, பேராயர் வரும் தேதியும் முடிவாகிவிட்டது என்றீர்கள். மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதை அறிவிப்பில் வாசிக்கவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டார்கள்: சபைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலை மூடுவதற்குள், திடப்படுத்தல் பெறுகிறவர்களின் புதுப் பெயர்களைச் சேர்த்தாக வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் அந்த வகுப்பை எடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நம் சேகரத்துச் சபைகளின் காரியங்களைப் பார்க்கிற கமிட்டியில் பேச எனக்கு இடம் இல்லை. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதிவிட்டேன். யார் மேலும் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை.

முதலில் ஒரு பிள்ளை கேட்டதைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண். முதல் வகுப்பிலேயே கையைத் தூக்கினாள். “நான் குழந்தையா இருக்கும்போதே ஞானஸ்நானம் குடுத்தாச்சு. நான் ஏற்கெனவே கிறிஸ்தவள்தானே, டீச்சர்? அப்புறம் எதைத் திடப்படுத்துறாங்க?” அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. “அடுத்த வாரம் சொல்றேன்” என்று தப்பித்தேன். உண்மையில் அந்தப் பதிலைத் தேடியே எனக்குப் பல வருடம் போய்விட்டது.

ஆதித் திருச்சபையில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. தண்ணீரில் இறங்கி ஏறியவுடன் எண்ணெய் பூசி, கை வைத்து ஜெபித்து, அதே ஆராதனையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே சடங்கு. சபைகள் பெருகின. எல்லா ஊருக்கும் பேராயர் போக முடியவில்லை. கிழக்கே உள்ளவர்கள் ஒரு வழி கண்டார்கள்: பேராயர் எண்ணெயை ஆசீர்வதித்துக் கொடுப்பார், குருவானவரே பூசிவிடுவார். கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையில் இன்றைக்கும் கைக்குழந்தைக்கு மூன்றும் ஒரே நாளில் கிடைக்கிறது. மேற்கே உள்ளவர்கள் வேறு வழியில் போனார்கள். தண்ணீர் குருவானவருக்கு, கை பேராயருக்கு என்று பிரித்துவிட்டார்கள். பேராயர் வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும். சில பிள்ளைகள் காத்திருந்தே கிழவர்களானார்கள்.

ஆக, திடப்படுத்தல் தனிச் சடங்கானதற்குப் பெரிய காரணம் போக்குவரத்து. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளைப் பேராயரிடம் கூட்டிக்கொண்டு போகப் பெற்றோர் சோம்பல்பட்டார்கள். அதனால் 1281-இல் இங்கிலாந்தில் பேராயர் பெக்கம் ஒரு விதி போட்டார்: சாகக் கிடப்பவர் தவிர, திடப்படுத்தல் பெறாத யாருக்கும் திருவிருந்து இல்லை. பந்தியைக் காட்டி ஆளை வரவழைக்கிற ஏற்பாடு அது. நாம் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிற அந்தக் கதவு அப்போது வைத்தது.

பிள்ளைகளை ஒப்புவிக்கச் சொல்லும் பரீட்சை அதற்கும் பிந்தியது. சபைச் சீர்திருத்தம் தொடங்கிய லுத்தர் திடப்படுத்தலைச் சாக்கிரமெந்து, அதாவது கிறிஸ்துவே ஏற்படுத்திய திருச்சடங்கு, என்று ஏற்கவில்லை. பிள்ளைகளுக்கு உபதேசம் தெரிய வேண்டும் என்பதில்தான் அவருக்கு அக்கறை. 1529-இல் சின்ன ஞானோபதேசம் எழுதினார். பத்து வருடம் கழித்து, ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டில் மார்ட்டின் பூட்சர் உபதேசத்தையும் கை வைத்தலையும் சேர்த்து ஒரு முறைமை கொண்டுவந்தார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வெறும் வேஷம் என்று அனபாப்திஸ்துகள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. “எங்கள் பிள்ளைகளும் வளர்ந்தபின் சொந்த வாயால் அறிக்கை பண்ணுகிறார்கள்” என்று அவர்களுக்குச் சொன்ன பதில்தான் அந்த முறைமை. நல்ல பதில்தான். ஆனால் டென்மார்க்கில் 1736-இல் ராஜாவே அதைச் சட்டமாக்கிவிட்டார். திடப்படுத்தல் இல்லாதவனுக்குக் கல்யாணமும் இல்லை என்ற நிலை வந்தது. ‘திடப்படுத்தல் சர்டிபிகேட் இருக்கா?’ என்று கல்யாண ஓலை (ஆராதனையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்க வருகிறவர்களிடம் நாம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராஜா ஞாபகம் வருவார்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்பீர்கள். நம் ஊர்க் கதைக்கே வருகிறேன்.

1778-இல் பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயர் கிளாரிந்தாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தஞ்சாவூர்ப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர் என்பதால் முன்பு கேட்டபோது ஐயர் மறுத்திருந்தார். அந்த அதிகாரி இறந்த பிறகுதான் கொடுத்தார். இத்தனைக்கும் அதற்கு முன்பே அந்த அம்மாள் தன்னைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சுவிசேஷம் சொல்லத் தொடங்கியிருந்தார். ஞானஸ்நானம் பெறாத ஒரு பெண்ணிடமிருந்துதான் திருநெல்வேலித் திருச்சபையின் கதை ஆரம்பமாகிறது. நாம் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று சொல்கிற ஆலயம் அவர் கட்டியது. 1780-இல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர் இருக்கிறார்கள்.

அந்த 40 பேருக்கு யார் திடப்படுத்தல் கொடுத்தது? அப்போது இந்தியா முழுக்க ஒரு புராட்டஸ்டண்ட் பேராயர்கூடக் கிடையாது. கல்கத்தாவுக்கு முதல் ஆங்கிலிக்கன் பேராயர் வந்தது 1814-இல். சென்னைக்கு 1835-இல். திருநெல்வேலி தனிப் பேராயமானது 1896-இல். நம் முன்னோர் பேராயர் கை தலையில் படாமலே சபையானார்கள். அவர்கள் அரைகுறைக் கிறிஸ்தவர்கள் என்று இந்தக் கமிட்டியில் யாராவது சொல்வீர்களா? சொன்னால் ஊரில் நடமாட முடியாது.

அந்தப் பெண்ணுக்கான பதில் கடைசியில் எனக்கு ஜெபப் புத்தகத்திலேயே கிடைத்தது. தலையில் கை வைத்துச் சொல்லும் ஜெபத்தைக் கவனியுங்கள். ‘இவன் உம்முடையவனாகட்டும்’ என்று அதில் இல்லை. உம்முடையவனாக என்றைக்கும் நிலைத்திருக்கட்டும், உம்முடைய ஆவியில் நாளுக்கு நாள் வளரட்டும் என்றுதான் இருக்கிறது. ஏற்கெனவே ஆனவனுக்குத்தானே நிலைத்திரு என்று சொல்ல முடியும்? ஞானஸ்நானத்தில் குறை எதுவும் இல்லை. தண்ணீரோடு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அன்றைக்குப் பெற்றோரும் ஞானத் தாயும் ஞானத் தகப்பனும் பிள்ளைக்காகச் சொன்ன ‘விசுவாசிக்கிறேன்’ என்ற வார்த்தையை, இப்போது பிள்ளை தன் வாயால் சொல்கிறது. சொன்ன பிள்ளையின் தலையில் சபை கை வைக்கிறது. திடப்படுத்தல் என்பது இவ்வளவுதான். இது சின்ன விஷயமில்லை. ஆனால் கதவும் இல்லை, பரீட்சையும் இல்லை.

இதைத்தான் இரண்டு சனிக்கிழமையில் முடிக்கப் போகிறோம். விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை மூன்றையும் ஒப்புவித்தால் பாஸ். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சேலை, பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, வரிசையாக ஒரு போட்டோ, வீட்டில் பிரியாணி. அடுத்த ஞாயிறு பின்பெஞ்சைப் பாருங்கள், பாதிப் பேரைக் காணோம். நாமே ஒரு பட்டமளிப்பு விழா நடத்தி அனுப்பிவிட்டு, பிள்ளைகள் கோவிலுக்கு வருவதில்லை என்று சங்கக் கூட்டத்தில் அங்கலாய்க்கிறோம்.

மீதிப் பேரில் சிலர் எங்கே போகிறார்கள் என்பதும் தெரியும். வேறு சபைகளுக்குப் போய், தாமிரபரணியில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படிப் போன இரண்டு பிள்ளைகளின் பெயரை இந்த வருடப் பட்டியலில் அடித்துவிட்டீர்கள். ஞானஸ்நானம் ஒருதரம்தான், திரும்பக் கொடுப்பது முதலாவது கொடுத்தவரையே பொய்யராக்குவது என்ற நம் சபையின் போதனை எனக்கும் சம்மதமே. அந்தப் பிள்ளைகளிடமும் அதைச் சொன்னேன். ஆனால் ஏன் போனீர்கள் என்றும் கேட்டேன். ஒருத்தன் சொன்னான்: “எனக்கு நடந்தது எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர். ஆத்துல நடந்தது ஞாபகம் இருக்கு.” இந்தப் பதிலுக்குப் பெயரை அடிப்பது மறுமொழி ஆகுமா?

இன்னொரு வேடிக்கை. ‘நாம் தெளிப்பு, அவர்கள் முழுக்கு’ என்று இரண்டு தரப்பும் சண்டை போடுகிறோமே, 1662-ஆம் வருட ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் முதலில் எழுதியிருப்பதே பிள்ளையைத் தண்ணீரில் முக்கத்தான். பிள்ளை பலவீனமாக இருந்தால் மட்டும் ஊற்றினால் போதும் என்கிறது. தெளிப்பு என்ற பேச்சே அங்கே இல்லை. நாமோ மூன்று விரல் நனைத்துத் துடைத்துவிட்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நம் ஞானஸ்நானத் தொட்டியைக் கடைசியாக யார் திறந்து பார்த்தீர்கள்? அதன் மேல் பிளாஸ்டிக் பூ ஜாடி இருக்கிறது. உள்ளே போன கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் ஒயர் சுருட்டி வைத்திருக்கிறது. பிள்ளைக்குத் தன் ஞானஸ்நானம் எப்படி ஞாபகம் வரும்?

என் யோசனை இது. வருடப் பிறப்பு உடன்படிக்கை ஆராதனையில் அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். எல்லோரும் நடந்து வந்து கையை நனைத்துக்கொண்டு போகட்டும். இது மறு ஞானஸ்நானம் ஆகாது, செலவும் இல்லை. திடப்படுத்தல் வகுப்பை ஒரு வருடம் வையுங்கள். மாதம் இரண்டு ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு ஒரு மணி நேரம், டியூஷனுக்கு இடைஞ்சல் வராது. ஒப்புவிப்பதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் வாக்காளர் பட்டியல். தேர்தல் வருடத்தில் திடப்படுத்தல் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. விதி தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். பிள்ளைகளின் ஆமென்னை எண்ணிப் பார்க்கிற ஆள் வெளியே நோட்டோடு நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைசி வரிசையில் உட்காரும் அந்த அக்காவைப் பற்றியும் கேட்டீர்கள், “இத்தனை வருஷமா வாறாங்க, ஏன் ஞானஸ்நானம் எடுக்கல?” என்று. அவர் வீட்டில் பிள்ளைகள் எஸ்.சி. சான்றிதழில் படிக்கிறார்கள். 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாருக்கு மட்டுமே அந்தச் சான்றிதழ். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. நமக்குத் தண்ணீர் கிருபை, அவருக்கு அது பிள்ளைகளின் காலேஜ் சீட். இது தெரியாமல் ‘தைரியமா எடுங்க’ என்று சொல்லாதீர்கள். கிளாரிந்தாளுக்காக ஷ்வார்ட்ஸ் ஐயர் காத்திருந்தது போல நாமும் காத்திருப்போம்.

முக்கியமானதைக் கடைசியில் வைத்துவிட்டேன். வடக்குத் தெருவில் நம் சபைப் பையன் ஒருவன் இருக்கிறான். இப்போது இருபத்தேழு வயது, பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைவு. அவனோடு படிக்க வேண்டிய பிள்ளைகள் வகுப்புக்கு வந்தபோது நானே அவனையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். பத்துக் கட்டளை ஒப்புவிக்கத் தெரியவில்லை என்று அப்போதிருந்த குருவானவர் அவன் பெயரைச் சேர்க்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் அவன் அம்மா பலிபீடத்துக்குப் போகும்போது அவன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பான். உள்ளங்கை மேலே பார்க்க, நாம் வாங்குகிற மாதிரியே. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இங்கிலாந்துத் திருச்சபை 1997 முதலே, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைத் திடப்படுத்தலுக்கு முன்பே திருவிருந்தில் சேர்க்க வழி செய்திருக்கிறது. நாம் யாரிடமிருந்து அந்த விதியை வாங்கினோமோ அவர்களே தளர்த்திவிட்டார்கள். 1662 புத்தகத்திலும் ‘திடப்படுத்தல் பெற்றவர்’ என்பதோடு, ‘பெற ஆயத்தமும் விருப்பமும் உள்ளவர்’ என்றும் இருக்கிறது. அந்தக் கையைவிட ஆயத்தமான கையை இந்தச் சேகரத்தில் நான் பார்த்ததில்லை.

வகுப்பு எத்தனை வாரம் என்பதைக் கமிட்டி கூடி முடிவு பண்ணுங்கள். இவன் பெயரை மட்டும் இந்த வருடப் பட்டியலில் எழுதிவிடுங்கள். கேள்வி கேட்கும் இடத்தில் அவன் “ம்” என்பான், அவனுக்கு வரும் ஆமென் அதுதான் என்று பேராயர் ஐயாவிடம் முன்கூட்டியே நான் சொல்லிக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டைக்கு அளவு எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்தாகிவிட்டது. வாங்க எந்த வாரம் வரட்டும் என்று அவன் அம்மா கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஓய்வுநாள் பள்ளி டீச்சர்